சராசரி என்றால் யாருடைய சராசரி?

(திண்டுக்கல்லில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வகுப்பில் பேசியதன் சுருக்கம்)



கூலி உயர்வு கேட்டுப் போனால், நிர்வாகம் ஒரு காகிதத்தை நீட்டுகிறது: "எங்கள் மில்லில் சராசரிச் சம்பளம் இவ்வளவு." நமக்கு அந்தத் தொகை வருவதில்லை. ஆனாலும் கணக்கில் பொய் இல்லை. இது எப்படி?

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை ஒன்றில் ஒரு பகுதியில் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு நாள் கூலி 400 ரூபாய். இரண்டு பேருக்கு 450. இரண்டு பேருக்கு 500. ஒன்பதாவது ஆள் மானேஜர், அவருக்கு 1,900. மொத்தம் 5,400. ஒன்பதால் வகுத்தால் 600. இதுதான் சராசரி. இந்த 600 ரூபாயை வாங்குகிறவர் யார்? ஒருவரும் இல்லை. எட்டுப் பேர் அதற்குக் கீழே. ஒருவர் மட்டும் மேலே.

இனி, ஒன்பது பேரையும் கூலி வரிசைப்படி நிறுத்துவோம். நடுவில் நிற்கும் ஐந்தாவது ஆளின் கூலி 450. இதற்கு இடைநிலை என்று பெயர். (ஆட்கள் இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் நிற்கும் இருவரின் கூலியைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.) அதிகம் பேர் வாங்கும் கூலி 400. இதற்கு முகடு என்று பெயர். ஒரே மில், ஒரே சம்பளப் பட்டியல். ஆனால் 600, 450, 400 என்று மூன்று எண்கள்!

மானேஜருக்கு மட்டும் 900 ரூபாய் கூட்டினால் என்ன ஆகும்? சராசரி 700 ஆகிவிடும். "நூறு ரூபாய் உயர்ந்துவிட்டதே!" என்பார்கள். இடைநிலையும் முகடும் நகரவில்லை. நம் சட்டைப் பையும் நகரவில்லை.

இதே வழக்கு 1963-இல் லோக்சபையிலேயே நடந்தது. நாட்டில் 27 கோடி ஜனங்கள் நாளைக்கு மூன்றணாவில் பிழைக்கிறார்கள் என்றார் ராம் மனோகர் லோகியா. பிரதமர் நேரு, பதினைந்தணா என்றார். திட்டத்துறைப் பொறுப்பிலிருந்த நந்தா, ஏழரை அணா என்றார். பதினைந்தணா என்பது நாட்டு வருமானத்தை எல்லாத் தலைக்கும் பங்கிட்ட சராசரி. அதில் ஆலை அதிபரின் வருமானமும் சேர்ந்துதான் இருந்தது. மூன்றணாவா, ஏழரை அணாவா என்று கணக்கெடுத்து வாதிக்கலாம். ஆனால் ஏழை எதில் பிழைக்கிறான் என்ற கேள்விக்குப் பதினைந்தணா பதிலே அல்ல.

இன்றும் அதே கதைதான். 2022-23 சர்க்கார் சர்வேப்படி, இந்தியக் கிராமங்களில் ஆள் ஒன்றுக்கு மாதச் செலவு சராசரியாக 3,773 ரூபாய். அடித்தட்டில் உள்ள நூற்றுக்கு ஐந்து பேருக்கு அது 1,373. உச்சியில் உள்ள ஐந்து பேருக்கு 10,501. பாதிக்கும் மேற்பட்ட கிராமத்து ஜனங்கள் அந்தச் சராசரிக்குக் கீழேதான்.

விவசாயத் தொழிலாளர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. அறுப்புக்கு 500, களையெடுப்புக்கு 250 கூலி என்று கொள்வோம். இரண்டையும் கூட்டி, பாதியாக்கி, "சராசரி 375" என்பார் பண்ணையார். ஆனால் அறுப்பு வேலை 10 நாள். களையெடுப்பு 60 நாள். 5,000-மும் 15,000-மும் சேர்ந்து 20,000. எழுபது நாளால் வகுத்தால் சுமார் 286 தான். இடையில் வேலை கிடைக்காத 30 நாளையும் சேர்த்து நூறால் வகுத்தால் 200. வேலை இல்லாத நாளும் பசிக்கும் அல்லவா? ஆகையால் எத்தனை நாள் என்று கேளாமல் எந்தச் சராசரியையும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

அதற்காகச் சராசரி முதலாளியின் எண், இடைநிலை தொழிலாளியின் எண் என்று நினைத்துவிடக் கூடாது. எது வேண்டும் என்பது கேள்வியைப் பொறுத்தது. ஆளுக்கு 50 ரூபாய் உயர்த்தினால் மொத்தச் செலவு எவ்வளவு, ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்றால், மொத்தமும் வகுத்தலும்தான் வழி. அங்கே சராசரியே சரி. சாதாரணத் தொழிலாளியின் நிலை என்ன என்றால் இடைநிலை. பெரும் கூட்டம் எந்தக் கூலியில் நிற்கிறது என்றால் முகடு. சங்கம் நூறு ஜோடி செருப்பு வாங்கினால் சராசரி அளவிலா வாங்கும்? யாருக்கும் பொருந்தாது! அதிகம் பேர் போடும் அளவையே அதிகம் வாங்கும்.

இடைநிலையும் எல்லாவற்றையும் காட்டாது. நடு ஆளுக்குக் கீழே நிற்பவர் 400 வாங்கினாலும் 200 வாங்கினாலும் அது மாறாது. ஆகவே வரிசையின் கடைசி ஆளையும் தனியே பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே நிற்பவர் காண்டிராக்ட் தொழிலாளி, அல்லது பெண் தொழிலாளி.

நமக்குச் சாதகமான எண்ணை மட்டும் பொறுக்கிக் கொண்டு போனால் பேச்சுவார்த்தை மேஜையில் ஐந்து நிமிஷம் கூட நிற்க முடியாது. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

எனவே வேலை இதுதான். கோரிக்கை மனு எழுதுமுன் ஒவ்வொரு பகுதியிலும் சம்பளச் சீட்டுகளைச் சேகரியுங்கள். கிராமங்களில், யாருக்கு எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்று நோட்டில் குறியுங்கள். வரிசைப்படுத்துங்கள், நடுவைக் காணுங்கள், கூட்டம் எங்கே என்று எண்ணுங்கள். பிறகு நிர்வாகம் "சராசரி" என்று வாயெடுத்தால், "யார் யாரைச் சேர்த்து? எத்தனை நாளுக்கு?" என்று கேளுங்கள். இந்தக் கணக்குக்குக் கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.