8 அடி அகலத்துக்கு எத்தனை அடி பின்னாடி போகணும்?

"வீட்டுல இருக்கறவங்கள நல்லா போட்டோ எடுக்கணும், முதல் டிஎஸ்எல்ஆர் எது வாங்கலாம், எந்த லென்ஸ்?" இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவையாவது எனக்கு வருது. ஒரு மாடல் பேரச் சொல்லிட்டு அடுத்த வேலையப் பாக்கலாம்தான். ஆனா நான் தப்பான லென்ஸ் வாங்கி ஒரு தீபாவளிய முழுசா கோட்டை விட்டவன். அதனால அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கறேன்.

எங்க அம்மா பொறந்த ஊர் ஆட்டையாம்பட்டி. சேலம் பக்கம் கை முறுக்குன்னாலே வர்ற பேரு அது. அம்மாயி வீட்டுலயும் தீபாவளிக்கு முன்னாடி முறுக்கு சுத்துவாங்க. துணிய விரிச்சு, சுத்தி நாலஞ்சு பேர் உக்காந்து, அரிசி மாவ விரல்லயே முறுக்கி வட்ட வட்டமா விடுவாங்க. அச்செல்லாம் கெடையாது.

அப்புச்சி தவறுனப்போ மாட்டறதுக்கு ஒரு உருப்படியான படம் இல்ல. யார் கல்யாணத்துலயோ எடுத்த குரூப் போட்டோல இருந்து அவர மட்டும் வெட்டி, ஸ்டுடியோல பெருசு பண்ணிக் குடுத்தாங்க. அந்தப் படத்துல அவர் தோள் மேல யாரோட கையோ இருந்துச்சு. அத அழிச்சுட்டு சட்டைய வரைஞ்சிருக்காங்க. இப்பவும் பாத்தா ஒரு தோள் மட்டும் கொஞ்சம் மேடா தெரியும். கேமரா வாங்கியே ஆகணும்னு எனக்குத் தோணுனது அதப் பாத்துட்டுதான்.

2018-ல கேனான் 200டி வாங்குனேன், 18-55 கிட் லென்ஸோட. "போர்ட்ரெயிட்டுக்கு 50 மி.மீ எஃப் 1.8 இல்லாம ஆகாது"ன்னு பாக்கற வீடியோல எல்லாம் சொன்னாங்க. அதையும் சேத்து வாங்கிட்டேன். அது மோசமான லென்ஸ் இல்ல. விலை கம்மி, ரொம்ப ஷார்ப். கிட் லென்ஸ் 55-ல எஃப் 5.6 வரைக்கும்தான் தெறக்கும். எஃப் 1.8-ங்கறது அதைவிட ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம். நொடியில 15-ல ஒரு பங்கு நேரம் தெறந்து வச்சு ஆடிப்போற படத்த, 125-ல ஒரு பங்குல அசையாம எடுத்துடலாம்.

தீபாவளிக்குப் போனேன். அம்மாயி முன்னாடி கேமராவ நீட்டுனதுமே முந்தானைய இழுத்துக்கிட்டாங்க. "என்னைய மட்டும் தனியா எடுக்காத சாமி. தனியா எதுக்கு எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

செவுத்துல மாட்டறதுக்கு. அவங்க சொன்னது அதுதான். என் மனசுலயும் அது இல்லாம இல்ல, அதனால பதில் வரல.

சரி, எல்லாரையும் சேத்தே எடுப்போம்னு பின்னாடி நகர்ந்தேன். செவுத்துல முதுகு ஒட்டிடுச்சு, ஃப்ரேம்ல ரெண்டு பேருக்கு மேல வரல. வாசப்படிய தாண்டி வெளிய நின்னா நெலவு பாதி மறைக்குது. கடைசில கிடைச்சது எல்லாம் மூக்கும் கண்ணும் மட்டும் தெளிவா, காது மங்கலா இருக்கற க்ளோசப். அம்மாயி எதுலயும் இல்ல.

ஊருக்குத் திரும்பி வந்துதான் கணக்கு போட்டேன். ரொம்ப சின்னக் கணக்கு. படத்துல வரவேண்டிய அகலத்த லென்ஸோட மி.மீ-யால பெருக்கி, சென்சார் அகலத்தால வகுத்தா, நீங்க நிக்க வேண்டிய தூரம். நாலஞ்சு பேர் உக்காந்தா சுமார் 8 அடி அகலம்னு வைங்க. கேனான்ல இந்த ரக பாடியோட சென்சார் 22.3 மி.மீ. 50 மி.மீ லென்ஸுக்கு 18 அடி பின்னாடி போகணும். நம்ம வீட்டு ரூம் எதுங்க 18 அடி? அதே 24 மி.மீ-ன்னா 9 அடிக்குள்ள முடிஞ்சுடுது. நிக்கான் பாடில 35 மி.மீ போட்டா 12 அடி.

இன்னொரு விஷயம் தற்செயலா கண்ல பட்டுச்சு. மாமாகிட்ட ஒரு பழைய யாஷிகா எம்எஃப்-2 இருக்கு. அம்மா கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டு ஆல்பம் முழுக்க அதுல எடுத்ததுதான். அந்தப் படங்கள்ல மட்டும் எல்லாரும் எப்படி அடங்குனாங்க? லென்ஸ்ல எழுதியிருக்கறதப் படிச்சேன்: 38 மி.மீ. ஃபிலிம் 36 மி.மீ அகலம். கேனான்ல 24 மி.மீ போட்டா கெடைக்கற அதே பார்வை, கிட்டத்தட்ட அப்படியே. ஜூமே இல்லாத அந்தக் கேமரா வீட்டுக்குச் சரியான அளவுல இருந்திருக்கு. நான்தான் யூட்யூப பாத்து கெட்டேன்.

அடுத்த வருஷம் கேனானோட 24 மி.மீ எஃப் 2.8 வாங்குனேன். தட்டையா, பிஸ்கட் மாதிரி இருக்கும். உண்மையச் சொல்லணும்னா, வெளிச்சத்துல பெரிய லாபம் கெடையாது. கிட் லென்ஸ் 24-ல எஃப் 4-க்குப் பக்கத்துல இருக்கும், இது அதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அவ்வளவுதான்.

அதனால இப்ப கேக்கறவங்களுக்கு நான் சொல்றது: பாடிய செகண்ட் ஹேண்ட்ல வாங்குங்க. கேனானும் நிக்கானும் இப்ப மிரர்லெஸ் பக்கம் போயிட்டாங்க, நல்ல டிஎஸ்எல்ஆர் மலிவா கெடைக்குது. லென்ஸ் வீணாகாது. கேனான் இஎஃப் லென்ஸ அடாப்டர் போட்டு அவங்க புது ஆர் சீரிஸ்ல ஆட்டோ ஃபோகஸோட பயன்படுத்தலாம். வாங்கறப்போ லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, வச்சுட்டு வந்துடுங்க. நிக்கான்னா அதுல எடுத்த ஒரு ஜேபெக் ஃபைல வாங்கிட்டு வாங்க, எத்தனை தடவை ஷட்டர் விழுந்திருக்குன்னு அதுக்குள்ளயே எண் இருக்கும். டி3500-ஓட ஷட்டருக்கு கம்பெனி சொன்ன கணக்கு 1,00,000. ஒண்ணு கவனம்: நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடில ஃபோகஸ் மோட்டார் கெடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவா இருக்கேன்னு வாங்குனா கையாலதான் ஃபோகஸ் பண்ணணும். ஏஎஃப்-எஸ்னு போட்டிருக்கறதா பாத்து வாங்குங்க.

ரெண்டாவது லென்ஸ உடனே வாங்காதீங்க. ஒரு மாசம் கிட் லென்ஸ்லயே உங்க வீட்டுக்குள்ள எடுங்க. அப்புறம் பிடிச்ச படங்கள மட்டும் தெறந்து, எத்தனை மி.மீ-ல எடுத்திருக்கீங்கன்னு பாருங்க. எந்த எண் அதிகமா வருதோ அதுதான் உங்க லென்ஸ். வெட்டவெளில, பகல்லன்னா உங்க போனே போதும், அதுக்காக யாரும் கேமரா வாங்க வேணாம். ராத்திரி, ஓடிட்டே இருக்கற கைன்னா போன் பல படத்த எடுத்து ஒட்டறதுல விரல் எல்லாம் கரைஞ்சுடும். அங்கதான் இது வேணும்.

அந்த வருஷ தீபாவளிக்கு 24-ஓட போனேன். உள்ள பழைய சோக் ட்யூப்லைட். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அது நொடிக்கு 100 தடவை மின்னும். அதனால ஷட்டர 100-ல ஒண்ணுன்னு வச்சேன். அதுக்கு மேல வேகமா போனா ஒரு படம் மஞ்சளா, ஒரு படம் இருட்டா வருது. ஐஎஸ்ஓ 3200 வச்சும் பத்தல. கடைசில அத்தைதான், "பொடக்காளிக் கதவ தெறந்துவிட்டா என்ன?"ன்னாங்க. தெறந்தேன், துணியோட எல்லாரையும் அங்க நகர்த்துனேன். பைசா செலவில்லாம லென்ஸ் குடுத்ததைவிட பல மடங்கு வெளிச்சம்.

9 அடில நின்னேன். அம்மாயி நடுவுல, ரெண்டு பக்கமும் அத்தைங்க, ஓரத்துல அம்மா. தனியா எடுக்கலைங்கறதால முந்தானைய இழுக்கல, என்னைய கண்டுக்கவே இல்ல. எஃப் 4. அம்மாயி விரல் நுனியில மாவு திரும்புறது தெரியுது. ஒரு அத்தை மட்டும் கண்ண மூடிட்டாங்க.

12-க்கு 8 அளவுல பிரிண்ட் போட்டு பொங்கலுக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். அம்மாயி கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் தன் கைக்குக் கீழ இருக்கற முறுக்கத் தொட்டுக் காட்டி, "இந்தச் சுத்து கோணையா இருக்கு கண்ணு. அடுத்த தீவாளிக்கு வேற எடு"ன்னாங்க.