பெருவெற்றியின் அளவு



அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே மாநில ஆளுநரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். நம் மாகாண ஆளுநர்களோ சனாதிபதியால் நியமிக்கப்படுபவர்கள். ஆதலின், பதவியிலிருக்கும் ஆட்சித் தலைவரொருவர் பெருவெற்றியுடன் மீளத் தெரிவாதலை இந்நாட்டில் ஆராய விரும்புவோர் சனாதிபதித் தேர்தலையே நோக்குதல் வேண்டும்.

2005இல் மகிந்த ராஜபக்ஷ அவர்கள் பெற்றது 50.29 சதவீதம், மயிரிழை வெற்றி. யுத்தம் முடிவுற்ற மறு ஆண்டு, 2010 சனவரி 26ஆந் திகதி, தவணை முடியுமுன்னரே தேர்தலுக்குச் சென்று 57.88 சதவீதம் பெற்றார். எதிர்நின்ற சரத் பொன்சேகாவை விட 18 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள்! 22 தேர்தல் மாவட்டங்களில் 16 அவர் வசமாயின.

எஞ்சிய ஆறில் யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, திகாமடுல்ல ஆகிய ஐந்தும் வடகிழக்கைச் சேர்ந்தவை. யுத்தம் நடந்த மண்ணின் மனநிலை அது, வியப்பில்லை. ஆறாவது, தேயிலை மலைகள் சூழ்ந்த நுவரெலியா. ஆங்கே செல்வாக்கு மிக்க இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சனாதிபதியையே ஆதரித்தது. தலைவர்கள் மேடையிற் காட்டிய பக்கம் ஒன்று. தொழிலாளர் புள்ளடியிட்ட பக்கம் வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை தம்மிற் பலர் காத்திருக்கக் கண்டவர்கள் அம்மக்கள். அத்துணை அரிதாய்க் கிடைத்த வாக்கைப் பிறர் சொற்படி இடுவார்களென்று எதிர்பார்த்தது பேதைமையே. தேர்தலுக்கு முதல்நாள் வகுப்பறைகளைத் திறந்துகொடுக்கும் எம்போன்ற அதிபர்களுக்கு, விடியுமுன்பே வந்து நிற்கும் தோட்டத்து வரிசை புதிதன்று.

வெற்றி ஐயத்துக்கிடமின்றிப் பெரிது. அதனை ஆட்சியாளர் எவ்வாறு பொருள் கொண்டனர் என்பதே என் கேள்வி. ஏப்பிரல் பொதுத் தேர்தலில் ஆளுங் கூட்டணிக்குக் கிடைத்தவை 225இல் 144 ஆசனங்கள். மூன்றிலிரண்டுக்கு 150 வேண்டும். குறை, கட்சி மாறியோரால் நிரம்பிற்று. செப்டெம்பர் 8ஆந் திகதி 161 வாக்குகளுடன் 18ஆந் திருத்தம் நிறைவேறியது; ஒருவர் இரு தவணைக்கு மேல் சனாதிபதியாகலாகாது என்ற தடை நீங்கிற்று. சனவரியில் மக்கள் அளித்தது ஒரு தவணை. தடையை நீக்கலாமா என்று அன்று எவரும் அவர்களை வினவவில்லை. குடியியற் பாடத்தில் மாணவர் இதனைக் கேட்டால் ஆசிரியர் சற்றே தடுமாறத்தான் வேண்டும்.

மூன்றாந் தவணை நாடி, மீண்டும் காலத்துக்கு முன்னரே, 2015 சனவரி 8ஆந் திகதி அவர் தேர்தலைச் சந்தித்தார். 47.58 சதவீதமே கிடைத்தது. ஐந்தாண்டுகளில் அவர் இழந்த வாக்குகள் இரண்டரை இலட்சத்துக்குங் குறைவு. எதிர்த்தரப்பின் வாக்குகளோ இருபது இலட்சத்துக்கு மேல் உயர்ந்துவிட்டன. மைத்திரிபால சிறிசேன 51.28 சதவீதம் பெற்றுச் சனாதிபதியானார். இரு தவணை எல்லை அவ்வாண்டிலேயே 19ஆந் திருத்தத்தால் மீண்டது.

2010இல் வென்றவர் பக்கம் நின்ற கண்டி மாவட்டம், 2015இல் அயலிலுள்ள நுவரெலியாவோடு சேர்ந்து சிறிசேனவுக்கே வாக்களித்திருந்தது.