கம்ப்யூட்டருக்குள் எழும்பும் கேதார மலை

(கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நிஜமான மலைகளைக் கம்ப்யூட்டரில் அப்படியே வரைந்து காட்டுகிறார்களே, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். குழந்தைகள் விளையாட்டு சமாசாரம் என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். கேதார்நாத் போக நினைப்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஆகவே அந்த மலையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், மலையின் உயரம் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் என்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றியது. அதற்குள் ஒரு ரேடார். வெளியே நீட்டிய 60 மீட்டர் கம்பத்தின் நுனியில் இன்னொரு ஆன்டெனா. தரையில் பட்டுத் திரும்பும் அலையை இரண்டு இடத்தில் வாங்கி, அந்த வித்தியாசத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட்டார்கள். இரண்டு கண்ணால் பார்த்து நாம் தூரத்தை உணர்வது போலத்தான். உலகின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவிகிதம் இப்படி அளக்கப்பட்டது. நம் இஸ்ரோ 2005-ல் அனுப்பிய கார்ட்டோசாட்-1, சாய்வான இரண்டு காமிராக்களால் இதே காரியத்தை வேறு வழியில் செய்தது.

கையில் கிடைப்பது படம் அல்ல, வெறும் எண்கள். 30 மீட்டருக்கு ஒன்று அல்லது 90 மீட்டருக்கு ஒன்று என்று வரிசையாக உயரங்கள். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. கம்ப்யூட்டர் அவற்றை முக்கோணங்களாக இணைத்துத் தரையாக்கும். சூரியன் எந்தப் பக்கம் என்று சொன்னால் வெளிச்சமும் நிழலும் தானே விழும். இன்ன உயரத்துக்கு மேல் பனி, ஆனால் செங்குத்துச் சரிவில் பனி நிற்காது, அங்கே பாறை என்று விதி கொடுக்கலாம். தூரத்து மலைக்குக் கொஞ்சம் நீலம் பூச வேண்டும். பூமியின் வளைவையும் மறக்கக்கூடாது. 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சிகரம் சுமார் 700 மீட்டர் தாழ்ந்துதான் கண்ணுக்குத் தெரியும்!

சரி, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே? 1980-ல் லோரன் கார்ப்பென்டர் என்பவர், மாண்டல்ப்ராட்டின் கணிதத்தை வைத்து, முரட்டு முக்கோணங்களைப் பிரித்துப் பிரித்து நொறுங்கிய பாறை போலாக்கிக் காட்டினார். பார்க்க அபாரம். ஆனால் அந்தப் பாறைகள் எந்த மலையிலும் கிடையா. கம்ப்யூட்டரின் சொந்தச் சரக்கு. கூரிய சிகரம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால் அதன் தலை மழுங்கிவிடும். ஹிமாலயத்தின் ஆழமான பள்ளங்களில் ரேடார் எட்டாமல் ஓட்டைகளே விழுந்தன. அக்கம்பக்கத்து உயரங்களைக் கொண்டு ஒட்டுப் போட்டார்கள். முடிந்த படத்தில் எது அளந்தது, எது ஒட்டுப் போட்டது என்று தெரியாது. இதுதான் எனக்குக் கவலை தரும் விஷயம்.

இன்னொன்று, தேதி. 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத்துக்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்ததும், ராம்பாடா அடித்துச் செல்லப்பட்டதும் நினைவிருக்கும். பழைய நடைபாதை சுமார் 14 கிலோமீட்டர். பிறகு மந்தாகினியின் மறுகரைக்கு மாற்றிப் போட்ட பாதை சுமார் 16. 2000-ம் வருஷத்து எண்களால் வரைந்த கேதார மலையில் இந்த வெள்ளம் வரவே இல்லை! ஆனால் பழைய எண்களும் ஒரு விதத்தில் பொக்கிஷம்தான். 2021 பிப்ரவரி 7-ல் சமோலி மாவட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தபோது, முன்னும் பின்னும் எடுத்த உயரங்களைக் கழித்துப் பார்த்துத்தான், சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் சரிந்ததாக விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

யாத்திரை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கௌரிகுண்டம் சுமார் 1,980 மீட்டர், கேதார்நாத் சுமார் 3,580. பாதையைக் கம்ப்யூட்டர் மலை மேல் கோடாக வரைந்தால் எங்கே ஏற்றம் கடுமை என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் அவசியம் பாருங்கள். சில மென்பொருள்களில் அழகுக்காக உயரத்தை இரண்டு, மூன்று மடங்கு இழுத்துக் காட்டும் வசதி உண்டு. அதை ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதை எந்தப் படமும் காட்டாது, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது விளக்கை அணைத்தால், கௌரிகுண்டத்திலிருந்து மேலே ஒரு தடவை திரையில் ஏறிப் பார்க்கலாம். சந்தேகங்களை நடுவிலேயே கேட்கலாம்.