முதலில் எந்தக் கேசட்?

(நம் சங்கத்தின் மூத்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்த வளாகத்திலேயே கடைசியாக ஸ்மார்ட்போன் வாங்கியவர் என்று செயலாளர் என்னை அறிமுகப்படுத்தினார். உண்மைதான். செல்பேசியில் நான் பாட்டுக் கேட்கத் தொடங்கியது 67 வயதில். உங்களில் பாதிப்பேர் என் கட்சி என்பது இப்போது சிரித்த சிரிப்பிலேயே தெரிகிறது.

பொறுத்திருந்த நமக்கு மிச்சமான பணம் கொஞ்சமல்ல. கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கொண்டுவந்தது. அதற்கு வாரிசு என்று 1992-ல் டிஜிட்டல் கேசட்டை இறக்கி, நான்கே வருஷத்தில் நிறுத்திவிட்டது. அதே 1992-ல் சோனியின் மினிடிஸ்க் வந்தது, அதுவும் போயிற்று. 2001-ல் வந்த ஐபாடை ஆப்பிள் 2022-ல் நிறுத்தியது. கூகுள் ப்ளே மியூசிக் 2020-லேயே மூடியாயிற்று. இவை எதையும் தொடாமல், டேப் ரிக்கார்டரிலிருந்து நேராகச் செல்பேசிக்கு வந்தவர்கள் நாம்.

ஆனால் நம்மிடம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பரணில் இருக்கும் அந்த அட்டைப்பெட்டி.

அதில் இரண்டு வகைக் கேசட் இருக்கும். ஒன்று, கடையில் வாங்கியவையும், ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கியவையும். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று செல்பேசியில் கிடைக்கின்றன. அவற்றை மாற்ற மெனக்கெட வேண்டாம். இரண்டாவது, வீட்டில் பதிந்தவை. குழந்தையின் மழலை, தாத்தா சொன்ன கதை, நலங்குப் பாட்டு. துபாய்க்கும் சவூதிக்கும் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குரல் எந்த ஆப்பிலும் வராது. உலகத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதி, அது உங்கள் பரணில்.

மேலே ஒட்டிய சீட்டை நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் 'சிந்து பைரவி' என்று எழுதிய ஒரு கேசட்டின் பி பக்கக் கடைசியில், என் அம்மா மாவடு போடும் பக்குவம் சொல்வது எட்டு நிமிடம் இருக்கிறது. நடுவில் பால்காரர் மணி அடிக்கிறார். "இருப்பா, வரேன்" என்கிறாள். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆகவே எதையும் தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் கடைசிவரை ஓடட்டும்.

நாடா என்பது பிளாஸ்டிக் மேல் பசையால் ஒட்டிய காந்தப்பொடி. நம் ஊர் வெப்பமும் ஈரமும் அந்தப் பசையைக் கெடுக்கும், பூஞ்சை பிடிக்கும். ஜன்னல் வழியே வெள்ளையாகப் படலம் தெரிந்தால் ஓட்டாதீர்கள். அது மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். நன்றாக இருப்பதை முதலில் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், ஒட்டிக்கொண்ட நாடா தளரும். பின்பக்கம் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிட்டால், கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது.

பிறகு டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர். இன்றைய மடிக்கணினி பலவற்றில் அதற்கான துளை இல்லை, யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய ஒலிக்கருவி ஒன்று வேண்டும். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். 'வேவ்' கோப்பாகப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும். அதை மூலமாக வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்.பி.3 பிரதி எடுங்கள். மூலத்தை இரண்டு இடங்களில், ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம், வையுங்கள்.

பேசுபவர் யார், எந்த வருஷம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியாது, தெரிந்தவர்கள் நாம்தான்.

என்னிடம் ஓடுகிற டெக் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் சங்க அறைக்குக் கொண்டுவருகிறேன். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஒருவர் ஒரு கேசட்டோடு வாருங்கள். முதலில் குரல் இருப்பதைக் கொண்டுவாருங்கள்.