குழந்தை சிரிக்கும் வீடு

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் உதவித்தொகையைப் பற்றியும், விடுதிகளின் நிலையைப் பற்றியும், வேலைவாய்ப்பில் நமக்குரிய பங்கைப் பற்றியும் பேசினார்கள். அவை யாவும் பேசப்பட வேண்டியவையே. எனக்கு விழாக் குழுவினர் தந்த தலைப்போ ‘குழந்தை வளர்ப்பில் காணும் சிறு சிறு இன்பங்கள்.’ இதைக் கேட்ட நண்பர் ஒருவர், “ஐயா, போராட வேண்டிய சமுதாயத்திற்குச் சிரிப்புக் கதையா சொல்லப் போகிறீர்கள்?” என்று வினவினார். ஆம், சிரிப்புக் கதைதான் சொல்லப் போகிறேன். ஆனால், நம் மக்களின் சிரிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

நான் முப்பது ஆண்டுகளாக ஆசிரியப் பணியில் இருப்பவன். இப்போது தலைமையாசிரியராக இருக்கும் நடுநிலைப் பள்ளியில் என் அறைக்கு அடுத்த அறைதான் முதல் வகுப்பு. கோப்புகளைப் பார்த்துக் களைத்துப் போகும்போது அங்கே சென்று ஒரு மூலையில் அமர்ந்து கொள்வேன். ஒரு நாள் ஆசிரியை வருகைப் பதிவேட்டைப் படித்துக் கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லி வந்தார்கள். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் அன்று வரவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டதும் அவனுடைய தங்கை எழுந்து, “உள்ளான் டீச்சர்! வீட்டில் உள்ளான்!” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கோ வியப்பு. தன்மைக்கு ‘உள்ளேன்’, படர்க்கைக்கு ‘உள்ளான்.’ எட்டாம் வகுப்பில் நான் தொண்டை வறளக் கற்பிக்கும் இலக்கணத்தை அந்தச் சிறுமி ஒரே மூச்சில் சொல்லி முடித்து அமர்ந்துவிட்டாள்.

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டதை அறிவீர்கள். அது எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிழமைகளின் பெயர்களே மாறிவிட்டன. “இன்று என்ன கிழமை?” என்று ஒரு புதன்கிழமை காலையில் கேட்டேன். “பொங்கல் கிழமை” என்றான் ஒருவன். “நாளைக்கு?” “உப்புமாக் கிழமை.” “ஞாயிற்றுக்கிழமை?” சிறிது நேரம் சிந்தித்து, “அது ஒன்றுமில்லாத கிழமை ஐயா” என்றான். சிரித்துக்கொண்டே என் அறைக்குத் திரும்பிய நான், அந்தக் கடைசி விடைக்காகக் கொஞ்ச நேரம் சிரிக்காமலும் இருந்தேன்.

மற்றொரு நாள் கரும்பலகையில் ஆய்த எழுத்தை எழுதி, “இது என்ன?” என்று கேட்டேன். கேடயத்தைப் போன்றது என்று சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை, “எங்க ஆயா அடுப்பு” என்றது. மூன்று கல்லைக் கூட்டி வைத்துச் சமைப்பதை அது தினமும் பார்க்கிறது. கேடயத்தை அது எங்கே பார்த்தது? பழைய இலக்கண உரைகளில் ஆய்தப் புள்ளிக்கு ‘அடுப்புக்கூட்டு’ என்றே உவமை சொல்லியிருக்கிறார்கள். உரையாசிரியர்கள் கண்ட உவமையை அந்தக் குழந்தை தன் குடிசையிலிருந்தே எடுத்துக் கொண்டு வந்துவிட்டது. அன்று முதல் நானும் கேடயத்தைக் கைவிட்டு அடுப்பையே சொல்லி வருகிறேன்.

நம் வீடுகளில் இன்பத்திற்குப் பஞ்சம் இருந்ததில்லை. வள்ளுவப் பெருந்தகை மக்கட்பேற்றின் இன்பத்தைச் சொல்ல வந்தபோது பாற்சோற்றைச் சொல்லவில்லை. பிள்ளை கையிட்ட கூழைத்தான் சொன்னார். கூழ் நம் வீட்டுச் செல்வமல்லவா? என் தங்கை தவழும் பருவத்தில், கேழ்வரகுக் கூழ்ப் பானைக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவிக் கொண்டிருந்தாள். அம்மா ஓங்கிய கையோடு ஓடி வந்தார். எங்கள் ஆயா தடுத்து, “விடும்மா, இன்னிக்கு உப்பு போட வேணாம், இவ கையே போதும்” என்றார். அந்தக் கூழை வீட்டில் உள்ள எல்லோரும் குடித்தோம். இன்று நினைத்தாலும் நாவில் அதன் சுவை இருக்கிறது.

இனி, நான் சொல்ல வந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

எனக்கு ஆறு வயதிருக்கும். அது 1970-களின் நடுப்பகுதி. அறுவடைக் கூலி நெல்லை வாங்க என் தந்தை என்னையும் களத்துக்கு அழைத்துச் சென்றார். நிலத்துக்குச் சொந்தக்காரர் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, மரக்கால் கணக்கைப் பார்த்துக் கொண்டிருந்தார். பதர் தூற்றிய தூசியில் அவருக்குத் தும்மல் வந்தது. இடி இடித்தாற் போல் ஒரு தும்மல்! அவர் தலைப்பாகை கழன்று, நெல் கொத்திக் கொண்டிருந்த கோழியின் மேல் விழுந்தது. கோழி மிரண்டு, தலைப்பாகையோடு களத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியது. துணி ஓடுகிறது, கீழே இரண்டு கால் மட்டும் தெரிகிறது.

களத்தில் நம் ஆட்கள் பத்துப் பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் கைகொட்டிச் சிரித்துவிட்டேன். மறுகணம் என் கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தவர் என் தந்தை. “அறியாப் பையன், பொறுத்துக்கணும்” என்று அவர் கும்பிட்ட கையை நான் அழுத கண்களோடு பார்த்தேன்.

நெல்லை வாங்கிக் கொண்டு திரும்பினோம். ஏறத்தாழ ஒரு மைல் தூரம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏரிக்கரைப் புளியமரத்தைத் தாண்டியதும் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தார். நாலு பக்கமும் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் அவரிடம் கண்டதில்லை. தன் துண்டைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக் கொண்டு, அந்தக் கோழியைப் போலவே ஏரிக்கரையில் ஓடிக் காட்டினார். நானும் ஓடினேன். இருவரும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி உட்கார்ந்தோம். பின்பு என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். நெல் மூட்டையைத் தலையிலும் என்னை இடுப்பிலும் சுமந்து வீடு வந்து சேர்ந்தார்.

அன்பர்களே, களத்திலிருந்து புளியமரம் வரை அந்தச் சிரிப்பை அடக்கிச் சுமந்து வந்தாரே என் தந்தை, அது நெல் மூட்டையைவிடக் கனமாக இருந்திருக்கும். சிரிப்பதற்கும் இடம் பார்த்துச் சிரிக்க வேண்டிய வாழ்வு அவருடையது. அவர் என்னை அடித்தது கோபத்தால் அன்று, அச்சத்தால் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 1930-இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் குரலை ஒலித்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1939-இல் வெளியிட்ட தம் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் தம் பள்ளி நாட்களைக் குறித்திருக்கிறார். கோயம்புத்தூரில் படித்தபோது, மற்ற மாணவர்களோடு பழகினால் தம் சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி, மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே படித்துக் கொண்டிருப்பாராம். வகுப்பு விட்டதும் எவரும் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு சேர்ந்துவிடுவாராம். கூடி விளையாட முடியாத அந்தக் கொடுமையை எண்ணி அந்தப் பிள்ளை மனம் கலங்கியிருக்கிறது. அண்ணலின் வாழ்வையும் நோக்குங்கள். அவருக்கும் இரமாபாய் அம்மையாருக்கும் பிறந்த ஐந்து மக்களுள் நால்வர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தார்கள். கடைசி மகன் இராஜரத்தினத்தையும் 1926-இல் இழந்தார்கள். நமக்கு எளிதாகக் கிடைத்திருக்கும் மழலை இன்பம், நமக்காக உழைத்தவர்களுக்கு எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இப்போது என் குற்றத்தையும் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

2001-ஆம் ஆண்டு. என் மகளுக்கு ஐந்து வயது. கல்வித் துறை அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டுக்குத் தேநீர் அருந்த வந்தார். அவருக்குத் தலையில் ஒரு முடியும் கிடையாது. என் மகள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மாமா, உங்க தலையில மட்டும் ஏன் வெயில் அடிக்குது?” என்று கேட்டாள். அந்த நல்ல மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். “அறுவடை முடிஞ்ச நிலம் அம்மா” என்று சொல்லி, அவள் கையை எடுத்துத் தம் தலையில் வைத்துக் கொண்டார். அவர் விடைபெற்றுச் சென்றதும் நான் என் மகளை அடித்தேன்.

ஏன் அடித்தேன்? அவர் கோபிக்கவில்லை. என் வேலைக்கு ஆபத்தில்லை. நான் பட்டம் பெற்றவன், அரசு ஊழியன், சொந்த வீட்டில் நிற்கிறேன். ஆனாலும், என் கை அந்தப் பழைய களத்திலேயே நின்று கொண்டிருந்தது.

மறுநாள் நியாய விலைக் கடைக்குக் குடும்ப அட்டையை எடுத்துச் சென்றேன். விற்பனையாளர் அட்டையைப் பிரித்தவர், என்னை ஒரு முறை, அட்டையை ஒரு முறை பார்த்தார். பிறகு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி, “தாத்தாவுக்குச் சரி, ஆயாவுக்குச் சரி, அம்மாவுக்குச் சரி. சாருக்கு மட்டும் தப்பா?” என்றார். விடைத்தாள் திருத்தும் என் சிவப்பு மைப் பேனாவால், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் சரிக்குறி போட்டு, என் பெயருக்கு மட்டும் பெரிதாகத் தவறுக்குறி போட்டிருந்தாள் என் மகள்! வரிசை முழுவதும் சிரித்தது. சர்க்கரையை மறந்து வெறும் பையோடு வீடு திரும்பினேன்.

“ஏன் இப்படிப் போட்டாய்?” என்று கேட்டேன். “நீங்க அடிச்சீங்க. அது தப்புதானே?” என்றாள். திண்ணையில் அமர்ந்து கேட்டுக் கொண்டிருந்த என் தந்தை வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் மெதுவாகச் சொன்னார்: “எனக்குப் போட வேண்டியதையும் சேர்த்து உனக்கே போட்டுட்டாடா.”

களத்தில் விழுந்த அறையை அவரும் மறக்கவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நான் என் மகளிடம், “அப்பா செய்தது தப்புதான், இனி அடிக்க மாட்டேன்” என்றேன். அவள் பேனாவை எடுத்து வந்தாள். “தப்பை அழிக்க முடியாது. பக்கத்துல சின்னதா சரி போடறேன்” என்று சொல்லி அப்படியே போட்டாள். இதைவிட நேர்மையாக விடைத்தாள் திருத்தியவர்களை என் பணிக் காலத்தில் நான் கண்டதில்லை. பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னதாகவே சிவப்பு மையில் சட்டம் வந்துவிட்டது. அன்று வெயிலைப் பற்றிக் கேட்ட பெண் இன்று வழக்கறிஞர். கேள்வி கேட்டுத்தான் பிழைக்கிறாள்!

இளைஞர்களே, இதில் நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே ஒன்றுதான். நம் பிள்ளைகள் கேள்விக்கும் சிரிப்புக்கும் அஞ்சினால், பிறகு எந்தப் பட்டமும் அவர்களை நிமிர்த்தாது. வகுப்பில் விடை தெரிந்தும் எழுந்து நிற்காத எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அறிவு குறைவன்று. “வாயை மூடு” என்ற சொல்லை வீட்டில் அதிகமாகக் கேட்டு வளர்ந்தவர்கள். வெளியுலகம் நம் பிள்ளைகளை அடக்குவதற்கு இன்றும் பல வழிகளை வைத்திருக்கிறது. அந்த வேலையை நாமும் வீட்டில் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். தந்தையர் மாலையில் வேலை முடிந்ததும் கால்களை வேறு இடங்களுக்குப் போக விடாமல் நேரே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பிள்ளையின் பேச்சைக் கேளுங்கள். இதற்குச் செலவில்லை. இரண்டாவதாக, நம் மாலைப் படிப்பகங்களில் பாடம் சொல்லும் இளைஞர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிள்ளைகள் சொல்லும் வேடிக்கைகளை எழுதி வையுங்கள். எழுதத் தொடங்கினால் அவற்றிலுள்ள அறிவு உங்களுக்கே புலப்படும். மூன்றாவதாக, ஓங்கிய கை இறங்கும் முன், ‘நான் யாருக்கு அஞ்சி அடிக்கிறேன்?’ என்று ஒரு முறை கேட்டுக் கொள்ளுங்கள்.

என் தந்தை இன்று இல்லை. என் பேரனுக்கு நான்கு வயது. சென்ற மாதம் அவனுக்குக் கோழிக் கதையைச் சொன்னேன். உடனே என் துண்டைப் பிடுங்கித் தலையில் போர்த்திக் கொண்டு, நடுத்தெருவில் ஓடினான். எதிரே வந்தவர்கள் எல்லோரும் பார்க்கும்படி உரக்கச் சிரித்துக் கொண்டே ஓடினான். அவன் புளியமரம் வரை காத்திருக்கவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தக் கழகம் உழைத்தது அதற்காகத்தான் என்று நான் கருதுகிறேன்.