உயிர் காக்கும் நேரத்தில் புதிர் எதற்கு?

(நாமக்கல்லில் இளைஞர்களுக்கும் வணிகர்களுக்கும் நடைபெற்ற தொண்டர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சேலத்துக் கடைவீதியிலும் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ரத்த தானமா, ஆம்புலன்ஸா, வெள்ள நிவாரணமா, எந்த அழைப்பு வந்தாலும் சாதி மதம் பாராமல் முதலில் ஓடுகிறவர்கள் நீங்கள். ஆகவே உரிமையோடு ஒன்றைச் சொல்ல வந்தேன். ஓடுவதைப் பற்றியல்ல, ஓடுவதற்கு முன்னால் பேசுகிறோமே, அந்தப் பேச்சைப் பற்றி.

மாநாட்டுப் பந்தலில் வாக்கி டாக்கி கைக்கு வந்ததும் நம் தம்பிகளுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. "டைகர் ஒன்று... பாயிண்ட் மூன்றில் கோட் ஐந்து... ஓவர்" என்கிறார்கள். பந்தலுக்குள் அது விளையாட்டு. நெடுஞ்சாலையில் ஒருவர் ரத்தம் கொட்டக் கிடக்கும்போதும் அதே பழக்கம் நாக்கில் வந்து நின்றால் என்ன ஆகும்? கோட் ஐந்து என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கும் தீயணைப்பு வீரருக்குத் தெரியுமா? 108 வண்டியின் ஓட்டுநருக்குத் தெரியுமா?

இந்த எண் பாஷை எங்கிருந்து வந்தது? 1930களின் பிற்பகுதியில் அமெரிக்கப் போலீசாரிடமிருந்து வந்தது. அன்றைய வயர்லெஸ் கருவியில் பொத்தானை அழுத்தியதும் முழுச் சக்தி வராது. முதல் அசை காற்றோடு போய்விடும். அதனால் முன்னால் "பத்து" என்று ஒரு சொல்லைப் போட்டு, அதன்பின் செய்திக்குரிய எண்ணைச் சொன்னார்கள். அந்தக் காலத்துக் கருவிக்கு அது நல்ல யுக்திதான். கருவி மாறியது, பழக்கம் மாறவில்லை. நாளடைவில் ஊருக்கு ஊர் ஒரே எண்ணுக்கு வேறு வேறு பொருள் வந்து சேர்ந்தது.

1970ல் கலிபோர்னியாவின் தென்பகுதியில் காட்டுத் தீ. 13 நாட்களில் 16 உயிர்கள் போயின. சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன. அணைக்க வந்த துறைகள் பல. ஆனால் ஒரு துறையின் சொல் இன்னொரு துறைக்குப் புரியவில்லை. அந்தப் பாடத்திலிருந்துதான், பலரும் கூடி வேலை செய்யும் இடத்தில் பொதுவான சொற்களைப் பேசவேண்டும் என்ற முறை பிறந்தது. 2005ல் கத்ரீனா புயல் தாக்கிய பிறகு, 2006ஆம் நிதியாண்டு முதல், பல துறைகள் சேர்ந்து இயங்கும் நேரத்தில் எளிய மொழியில் பேசினால்தான் பேரிடர் ஆயத்த நிதி என்று அமெரிக்க மத்திய அரசே நிபந்தனை விதித்தது. நம் நாட்டிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பொதுவான சொற்கள் என்பது ஒரு முக்கிய அம்சம்.

சரி, அமெரிக்காவை விடுங்கள். நம் ஊருக்கு வாருங்கள்.

பரமத்தி வேலூரை நாம் "வேலூர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சென்னையில் போனை எடுப்பவருக்கு வேலூர் என்றால் எது? கோட்டை இருக்கும் வேலூர் அல்லவா? "செவன் ரோட்டில் ஆக்சிடென்ட்" என்கிறோம். அந்தச் சாலைக்கு இன்று எண் 44. "பைபாஸில்" என்கிறோம். எந்த ஊரின் பைபாஸ்? சங்கேதம் என்பது எண் மட்டுமல்ல சகோதரர்களே! நமக்கு மட்டும் விளங்கி, கேட்கிறவருக்கு விளங்காத எதுவும் சங்கேதம்தான்.

2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு சுமார் 2 லட்சம் கன அடி தண்ணீர் வெளியேறியது. குமாரபாளையம், பள்ளிப்பாளையம் கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்தது. "2 லட்சம் கன அடி" என்பது பொறியாளருக்குச் செய்தி. விசைத்தறியும் பாத்திரமும் பிள்ளைகளுமாக ஆற்றோரம் குடியிருக்கும் தாய்க்கு அது செய்தியா? "உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரப்போகிறது, பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்" என்பதுதான் அவளுக்குச் செய்தி. அந்த எண்ணை இந்தச் சொல்லாக மாற்றி வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது நம் வேலை.

நம் சமுதாயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொப்பியும் தாடியுமாக நிற்கும் இளைஞன் புரியாத பாஷையில் பேசினால், சந்தேகக் கண்ணோடு பார்க்கிறவனுக்கு நாமே சந்தர்ப்பம் கொடுக்கிறோம். நாம் செய்வது மறைக்கவேண்டிய காரியமா? ஒளிவு மறைவில்லாத சேவைக்கு ஒளிவு மறைவில்லாத மொழி வேண்டும். உரிமம் வாங்கவேண்டிய வயர்லெஸ் கருவியை உரிமமின்றித் தொடவே வேண்டாம்.

ஒரு சகோதரர் கேட்கலாம்: "மரணச் செய்தியை உறவினர் காதுபட உடைத்துச் சொல்வதா?" நியாயமான கேள்வி. பெயரும் அந்தரங்கமும் மைக்கில் வரவேண்டியதில்லை. சற்று விலகி நின்று பேசுங்கள். மௌஃத்தை அறிவிப்பது மருத்துவரின் பொறுப்பு. உதவிக்கு வருபவருக்குத் தேவையானதை மட்டும் சொன்னால் போதும்.

எப்படிச் சொல்வது? எங்கே, என்ன, எத்தனை பேர், இன்னும் என்ன ஆபத்து? இந்த வரிசையில் சொல்லுங்கள்.

"நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர். காவிரிப் பாலத்துக்கு முன்னால், கரூர் போகும் பக்கம். லாரியும் வேனும் மோதிவிட்டன. மூன்று பேருக்கு அடி. ஒருவருக்குப் பேச்சில்லை, மூச்சு இருக்கிறது. டீசல் ஒழுகுகிறது."

இவ்வளவுதான். மூச்சுப் பிடித்துச் சொன்னால் அரை நிமிடம் ஆகாது. "கொஞ்சம் சீரியஸ்", "ஒரு மாதிரியா இருக்கு" என்ற பேச்செல்லாம் வேண்டாம். கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும், தவறிருந்தால் திருத்துங்கள். அவர் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள். வணிகப் பெருமக்களே! உங்கள் கல்லாவுக்கு மேலே 108, 101, 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களோடு, உங்கள் கடையின் முழு முகவரியையும் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்தக் கடையின் விலாசமே நாக்கில் வராது.

எந்தத் தூதரும் தம் சமூகத்தாருக்கு விளக்கிச் சொல்வதற்காக அவர்களுடைய மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்று திருக்குர்ஆன் (14:4) அறிவிக்கிறது. ஃபிர்அவ்னிடம் போகப் பணிக்கப்பட்ட மூஸா நபி (அலை) தம் இறைவனிடம் கேட்டவற்றில் ஒன்று, தம் பேச்சை மக்கள் விளங்கிக்கொள்ளும்படி நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்பது (20:27, 28). இறைத்தூதரே அதைக் கேட்டார் என்றால், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும் நாம் எம்மாத்திரம்?

இன்ஷா அல்லாஹ், இன்று மஹல்லாவுக்குத் திரும்பியதும் பத்துப் பேரை உட்காரவைத்து இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லிப் பழகுங்கள். ஊர்ப் பெயரை மாவட்டத்தோடு சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். "டைகர் ஒன்று" என்று தம்பி தொடங்கினால் அன்போடு நிறுத்தி, "எங்கே நிற்கிறாய், என்ன நடந்தது, அதைச் சொல்" என்று கேளுங்கள்.

எளிதாகப் பேசவும், விரைந்து உதவவும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.