பிளாரன்ஸ் நகரில் ஓர் உலா

இத்தாலி நாட்டிலுள்ள பிளாரன்ஸ் நகரைக் காண்பதற்கு வண்டி தேவையில்லை; கால்கள் போதும். ஞானஸ்நானக் கோயிலிலிருந்து சாந்தா குரோச்சே தேவாலயம் வரையில் நேர்வழியே நடந்தால் ஒரு கிலோமீட்டர்கூட இராது. அந்தச் சிறு தொலைவைக் கடக்க வழிகாட்டிகள் அரைநாள் எடுத்துக்கொள்கின்றனர். இவர்கள் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள். குடையையோ சிறு கொடியையோ உயர்த்திப் பிடித்தவண்ணம் முன்னே செல்வர்; கூட்டம் பின்னே செல்லும். அக்கூட்டத்தோடு நாமும் நடப்போம்.

முதலில் நாம் நிற்குமிடம் எண்கோண வடிவிலமைந்த புனித யோவான் ஞானஸ்நானக் கோயில். இதன் கிழக்கு வாயிலுக்குரிய வெண்கலக் கதவுகளை வார்க்கக் கிபெர்த்தி என்னும் சிற்பி 1425 முதல் 1452 வரை 27 ஆண்டுகள் உழைத்தார். சுவர்க்கத்தின் வாயில் என்று அவற்றுக்குப் பெயர் சூட்டியவர் மைக்கேலாஞ்சலோ என்பர். இன்று வாயிலில் இருப்பவை படிகளே. மூலக் கதவுகள் அருகிலுள்ள காட்சிசாலையில் காக்கப்படுகின்றன. எதிரே பேராலயத்தின் மாபெருங் கவிகை. 1296-இல் தொடங்கிய ஆலயத்தில் ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள இடைவெளியை மூடும் வழி தெரியாமல் நகரத்தார் பல்லாண்டு திகைத்திருந்தனர். பொற்கொல்லராகத் தொழில் பயின்ற புரூனெல்லெஸ்கி, தரையிலிருந்து சாரமெழுப்பித் தாங்காமலே, செங்கற்களை மீன்முள் போல ஒன்றையொன்று கவ்வுமாறு அடுக்கி, 1420 முதல் 1436-க்குள் அதைக் கட்டி முடித்தார். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு கவிகைகள். உச்சிக்கு ஏற 463 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தல் நலம்!

இனித் தெற்கு நோக்கித் திரும்புவோம். தெருச் சுவர்களில் ஆங்காங்கே கற்பலகைகள் தென்படுகின்றன. தாந்தே மகாகவியின் ‘தெய்வீக நாடகம்’ என்னும் காவியத்திலிருந்து, அந்தந்த இடத்தோடு தொடர்புள்ள அடிகளைப் பொறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகராட்சியார் பதித்தவை அவை. எண்ணிக்கையில் முப்பதுக்கும் மேற்பட்டவை. கவிஞரின் வீடு என்று காட்டப்படும் கட்டடமும் அக்காலத்தில் எழுப்பப்பட்டதே. அங்கே நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை என்பது எமது கருத்து.

அரண்மனைச் சதுக்கத்தில் நிற்கும் தாவீது சிலையும் படிதான். மைக்கேலாஞ்சலோவின் சிலை 1873-இல் கூடத்துக்குள் பெயர்க்கப்பட்டது. அனைவரும் அதையே நோக்குகின்றனர். நாம் சற்றுக் குனிந்து தரையையும் பார்ப்போம். அங்கே வட்டக் கல் ஒன்று பதிந்திருக்கின்றது. 1497-இல் ஓவியங்களையும் நூல்களையும் ஆடம்பரப் பொருள்களையும் இச்சதுக்கத்தில் குவித்து எரிக்கச் செய்தார் சவொனரோலா என்னும் துறவி. மறு ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் அவரையே தூக்கிலிட்டு எரித்த இடம் அது.

ஆர்னோ ஆற்றின் மீதுள்ள பழைய பாலம் 1345-இல் கட்டப்பட்டது. ஒரு காலத்தில் அதன்மேல் இறைச்சிக் கடைகள் இருந்தன. நாற்றம் பொறுக்காமல் 1593-இல் அவற்றை விலக்கிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார் அரசர். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை நகரத்தின் ஏனைய பாலங்களையெல்லாம் தகர்த்தது, இஃதொன்றே தப்பிற்று. அதே ஆறு 1966 நவம்பர் 4-ஆம் நாள் ஊருக்குள் புகுந்தது. வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டும் பலகைகள் சில நம் தலைக்கு மேல் வெகு உயரத்தில் இருக்கின்றன. சிமபுவே வரைந்த பெருஞ்சிலுவை ஓவியத்தின் வண்ணம் பெரிதும் உதிர்ந்துபோயிற்று. சேற்றில் புதைந்த நூல்களைப் பல நாட்டு இளைஞர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கரை சேர்த்தனர்.

முடிவாக, சாந்தா குரோச்சே. இங்கே மைக்கேலாஞ்சலோ, கலிலேயோ, மாக்கியவெல்லி ஆகியோர் துயில்கின்றனர். 1829-இல் அமைத்த தாந்தேயின் கல்லறையும் கம்பீரமாக நிற்கின்றது. ஆனால் அதனுள்ளே எவரும் இல்லை.

சொந்த ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் இவ்விடத்தில் சற்று நிற்கத்தான் வேண்டும். கட்சிப் பூசலில் எதிரிகள் கை ஓங்கவே, 1302-இல் தாந்தே நாடுகடத்தப்பட்டார். திரும்பினால் தீயிலிடுவோம் என்றும் தீர்ப்பாயிற்று. அலைந்து திரிந்த அந்த ஆண்டுகளில்தான், கற்றோர் போற்றிய லத்தீனை விடுத்துத் தம் ஊர்ப் பேச்சு மொழியில் அக்காவியத்தைப் பாடினார். பேசுவதற்குத் தம் ஊரார் அருகில் இல்லாதபோது அம்மொழியே அவருக்கு ஊராயிற்று போலும். ஞானஸ்நானம் பெற்ற தொட்டியருகே கவிஞர் முடி சூட வேண்டும் என்ற ஆசையையும் அதிலேயே வெளியிட்டார். 1315-இல் அபராதம் செலுத்திப் பலர் முன் பணிந்தால் திரும்பலாம் என்றனர், அவர் மறுத்துவிட்டார். 1321-இல் ராவென்னா நகரில் காலமானார்.

பிற்காலத்தில் அவரது எலும்புகளையேனும் தருமாறு பிளாரன்ஸ் வேண்டிற்று. 1519-இல் போப்பாண்டவர் இசைந்தார். சென்றவர்கள் திறந்த பெட்டியோ வெறுமையாக இருந்தது! ராவென்னாவின் பிரான்சிஸ்கன் துறவிகள் எலும்புகளை ஒளித்து வைத்துவிட்டனர். 1865-இல் சுவர் ஒன்றை இடித்தபோதுதான் அவை வெளிப்பட்டன. தண்டனைத் தீர்ப்பை நீக்கப் பிளாரன்ஸ் நகர மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது 2008-ஆம் ஆண்டில். கவிஞர் இன்றும் ராவென்னாவில்தான் இருக்கின்றார். அவர் கல்லறையில் எரியும் விளக்குக்கு வேண்டிய எண்ணெயை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில் பிளாரன்ஸ் நகரத்தார் கொண்டுபோய்க் கொடுத்து வருகின்றனர்.